எழுத்தாளராகவும் பேராசிரியராகவும் இருப்பவர்களைச் சந்தித்த அனுபவம் – பகிருங்கள்

கடைசி பெஞ்ச்:
ரொம்ப நாளாக மனசை அரிக்கிற விஷயம். இளங்கலை இரண்டாம் ஆண்டில் எங்கள் ஐயா எழுதிய சிறுகதையே பாடமாக இருந்தது, விருது வாங்கிய தொகுப்பில் உள்ள கதை, நடத்த வேண்டியவரும் அவரேதான். ஒரு மாணவியை வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் நின்றார். முடிந்ததும் எழுந்து, "அந்தம்மா ஏன் ஐயா கடைசி வரைக்கும் கதவைத் திறக்கலை?" என்று கேட்டேன். "கதையில இருக்கிறதுதான்ப்பா எனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். நிஜமாகவே தெரியாதா, சொல்ல விருப்பமில்லையா?

தாழ்வாரம்:
விருப்பமில்லை, அவ்வளவுதான். எழுதியவரே விளக்கினால் மொத்த வகுப்பும் அதையே தேர்வில் எழுதி வைக்கும். என் அனுபவம் வேறு. எங்கள் ஆய்வு நெறியாளர் பதவி உயர்வுப் படிவம் நிரப்பும்போது கூட உட்கார்ந்திருந்தேன். ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு கட்டம், கருத்தரங்குக்கு ஒரு கட்டம். பரிசு வாங்கிய நாவலை எங்கே போடுவது என்று கேட்டேன். 'பிற' என்று இருந்த ஒற்றை வரியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. கல்லூரி வேலை எழுத்துக்குப் பகை.

ஈரக்காகிதம்:
தாழ்வாரம், கோபம் சரி, முடிவு தவறு. இந்திரா பார்த்தசாரதி டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்துக்கொண்டேதான் 1968-இல் கீழ்வெண்மணியில் விவசாயக் கூலித் தொழிலாளர் குடும்பங்கள் எரித்துக் கொல்லப்பட்டதை வைத்து 'குருதிப்புனல்' நாவலை எழுதினார், 1977-இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. பெருமாள்முருகன் அரசுக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே நாவல்களும் எழுதினார், கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் தொகுத்தார். சொல் சேகரிப்பது ஆய்வு, அதே சொல் நாவலில் பேச்சாக வருகிறது, இதில் பகை எங்கே? 2015 ஜனவரியில் எழுத்தை நிறுத்துவதாக அவர் அறிவித்ததற்குக் காரணம் வகுப்பறை இல்லை, 'மாதொருபாகன்' நாவலுக்கு வெளியிலிருந்து வந்த எதிர்ப்பு. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்த பிறகு திரும்ப எழுதினார்.

நான் அப்படி ஒருவரை நேரில் பார்த்தது என் வாய்மொழித் தேர்வில். ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, "இதுல நீங்க பேசுற பக்கம் எது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அப்புறம், எழுதும் ஆசையில் முனைவர் பட்டத்துக்குச் சேரும் தம்பி தங்கைகளுக்கு: எழுத நினைக்கிற மண்ணையே ஆய்வுத் தலைப்பாக எடுங்கள். களப்பணிக் குறிப்பேட்டில் ஆய்வுக்குத் தேவைப்படாத பேச்சையும் எழுதி வையுங்கள், கதைக்கு உதவப்போவது அதுதான். விடைத்தாள் திருத்தும் மாதத்தில் நாவலைத் தொடங்காதீர்கள், பாதியில் நிற்கும். நெறியாளரிடம் கைப்பிரதியைக் காட்டாதீர்கள், அவர் எழுத்தாளராகவே இருந்தாலும்.