புதுப்பிப்பு: பின் டயர் கிழிந்த விஷயம், ரேஸ் முடிந்த பிறகு

போன வாரம் என் ரேஸ் பைக்கின் பின் டயர் வலது பக்கம் மட்டும் பிய்கிறது என்று புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி. காற்றழுத்தம்தான் காரணம் என்று அடம்பிடித்தது என் தப்பு. சனிக்கிழமை வார்மரில் (டயரைச் சுற்றிச் சூடேற்றும் உறை) 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, சூடு ஆறுவதற்குள் அளந்தால் அழுத்தம் சரியாகவே இருந்தது, ஆனாலும் மூன்றாவது சுற்றிலேயே வழுக்கல். அப்புறம் அந்தப் புலம்பலுக்குப் பதிலாக நீங்கள் சொன்னபடி பின் ஷாக்கில் (அதிர்வு தாங்கி) ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எழும்புவதை மெதுவாக்கும் தடையை, திருகில் இரண்டு கிளிக் தளர்த்தினேன். அதுவரை ஸ்பிரிங் மேலே எழும்ப நேரமே கிடைக்காமல் ஒவ்வொரு மேட்டுக்கும் இன்னும் அமுங்கிக்கொண்டே போயிருக்கிறது. ஞாயிறு ரேஸில் 22 பேரில் 14-வது. கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தாமதமாகப் பிடித்துப் பாதையோரச் சரளைக்குள் போய் வந்தேன், அந்தப் பழியை ஷாக் மேல் போட முடியாது. டயர் மட்டும் அழகாகத் தேய்ந்திருக்கிறது.