சித்திரை முதல் நாளில் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தீர்மானங்கள்: யோசனை சொல்லுங்கள்

பள்ளத்தூர் பேத்தி:
வர்ற சித்திரை ஒன்றுக்கு எங்கள் நாலு புள்ளியும் (நாலு குடும்பமும்) ஊரில் கூடுகிறோம். வேப்பம்பூ இப்போதே காய்ந்துகொண்டிருக்கிறது. கனி பார்ப்பது, மாங்காய்ப் பச்சடி, ஐயா பஞ்சாங்கம் படிப்பது, பெரியவர்களை விழுந்து கும்பிட்டுக் காசு வாங்குவது, அப்புறம் பிள்ளையார்பட்டி, இதெல்லாம் வழக்கம்போல நடக்கும். இந்தத் தடவை பிள்ளைகள் ஆளுக்கொரு தீர்மானம் எழுதி வளவில் (வீட்டு முற்றத்தில்) எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். ஜனவரியில் எழுதிய "போன் குறைப்பேன், தினமும் ஓடுவேன்" எல்லாம் சுவரில் ஒட்டியதோடு சரி, அதே மாதிரி இன்னொன்று வேண்டாம். சிரித்துக்கொண்டே செய்கிற மாதிரி, நம் வீட்டு வழக்கத்தோடு ஒட்டியதாக என்ன கொடுக்கலாம்? சின்னவளுக்கு 6 வயது, பெரியவனுக்கு 17.

காரைக்குடி ஆச்சி:
நல்ல காரியம் தங்கச்சி. ஒரே ஒரு விதி வையுங்கள்: எந்தத் தீர்மானமானாலும் வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட்டாளியாக இருக்க வேண்டும். தனியாக எழுதினால்தான் நாலு நாளில் மறந்துபோகிறது, அப்பத்தாவோடு சேர்ந்து செய்வது என்றால் அவர்களே கூப்பிட்டுக் கேட்பார்கள், "எங்கடா இந்த வாரம் பல்லாங்குழிக்கு வரலை" என்று.

பெரியவனுக்கு வெள்ளைப் பணியாரம் கொடுங்கள். ஆழாக்கில் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் அதுதான் கணக்கு. ஊறவைத்து மையாக அரைத்து, கரண்டியில் எடுத்து ஒவ்வொன்றாக எண்ணெயில் ஊற்ற வேண்டும். ஓரம் முறுகாமல், நடுவில் உப்பி, வெள்ளை மாறாமல் வருகிற வரைக்கும் அவன் விடக்கூடாது, வீட்டில் இருக்கிறவர்கள் சாப்பிட்டுச் சாப்பிட்டு மார்க் போடலாம். ஆம்பளைப் பையனுக்கு எதற்கு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சின்னவளுக்கு நடுவீட்டுக் கோலம். மாவில் விரலை நனைத்து இழுக்க அவளுக்கு நிச்சயம் பிடிக்கும்.

தேவகோட்டை அண்ணன்:
ஆச்சி சொன்ன விதி அருமை. ஐயா பஞ்சாங்கம் படிக்கிறார் என்றீர்களே, அதிலேயே ஒரு விளையாட்டு இருக்கிறது. தமிழ் வருஷப் பெயர்கள் 60. பிரபவவில் தொடங்கி அட்சயவில் முடிந்து மறுபடி பிரபவ. 2026 ஏப்ரல் 14 அன்று பிறப்பது பராபவ, வரிசையில் 40வது. போன பராபவ 1966இல் வந்தது, ஆக அந்த வருஷத்தில் பிறந்தவர் உங்கள் வீட்டில் யார் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும், அவர்களுக்குத்தான் 60 நிறைந்து சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம், வருகிறது! அப்புறம் வீட்டில் ஒவ்வொருவரும் பிறந்த வருஷத்தின் பெயரைத் தேடி எழுதச் சொல்லுங்கள். 1987 சித்திரைக்குப் பிறகு பிறந்தவர் பிரபவ, அங்கிருந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டே போகலாம். மனப்பாடம் செய்து முதலில் ஒப்பிக்கிறவருக்கு ஐயா கையால் பரிசு.

இன்னொன்று, நம் நகரத்தார் ஒன்பது கோயில்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. கார் எடுத்தால் ஒரே நாளில் சுற்றிவிடுவார்கள், ஆனால் பிள்ளைகளுக்கு அது ஓட்டமாகத்தான் தெரியும். வருஷம் முழுக்கப் பரப்பிப் போங்கள், ஒவ்வொரு கோயிலிலும் தூணில் ஒரு சிற்பத்தைப் பார்த்து நோட்டில் வரைய வேண்டும், அவ்வளவுதான். இரணியூர் போகும்போது மட்டும் நேரம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே தூண்களைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கிளம்ப மாட்டார்கள்.

கோலாலம்பூர் பேரன்:
ஊருக்கு வர முடியாதவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா, எங்களுக்கெல்லாம் வீடியோ காலில் வளவைப் பார்ப்பதே பெரிய விஷயம். எழுதிய சீட்டுகளை ஒரு கொட்டானில் (ஓலைக் கூடையில்) போட்டு மூடி வைத்துவிடுங்கள். திறக்கிற நாள் பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், மாவுப் பிள்ளையாரில் 21 இழைத் திரியை ஏற்றிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள எங்கே இருந்தாலும் நாம் கூடத்தானே செய்கிறோம். இழை எடுத்து முடித்ததும் ஒவ்வொரு சீட்டாகப் படிக்கலாம். முடிக்காதவர்களுக்குச் சித்திரை வரை இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும், அது எனக்குப் பிடித்த கணக்கு.

பள்ளத்தூர் பேத்தி:
எல்லாருக்கும் நன்றி! எங்கள் சின்னம்மாவுக்குத்தான் சாந்தி, 1966 ஆடி. பெரியவன் பணியாரத்துக்குச் சரி சொல்லிவிட்டான், கூட்டாளி அப்பத்தா. அந்தச் சீட்டுக் கொட்டானையே பிள்ளைகள் முடைந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றுகிறது. ஆச்சி, சின்னக் கைகளுக்கு முடியுமா?

காரைக்குடி ஆச்சி:
முடியும். பனங்குருத்து ஓலை வாங்கி, சன்னமாகக் கிழிப்பதை மட்டும் பெரியவர்கள் செய்து கொடுங்கள். தண்ணீரில் நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும், காய்ந்த ஓலை மடக்கும்போதே ஒடிந்துவிடும்.