மின்சாரக் காரின் முன்பக்கத்தில் லொடலொடவென்ற சத்தம்: ஸ்ட்ரட் மாற்றித்தான் ஆகவேண்டுமா?

கேள்வி: காவிரிக்கரை, திருச்சி

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய என்னுடைய மின்சாரக் கார் இதுவரை 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் திருவரங்கத்திலிருந்து தஞ்சாவூருக்குச் சென்று வருகிறேன். சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு, முன்பக்க இடது சக்கரத்தின் அருகிலிருந்து இரண்டு விதமான சத்தங்கள் வரத் தொடங்கின.

முதல் சத்தம், குண்டும் குழியுமான தெருவில் 10 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வருகிறது. தகர டப்பாவில் நாலைந்து கொட்டைப்பாக்குகளைப் போட்டுக் குலுக்கினால் எப்படிக் கேட்குமோ அப்படி இருக்கிறது. இரண்டாவது, ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னோக்கி நகரும் நொடியில் கேட்கும் ஒரே ஒரு 'டிக்'. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தாலும் சில சமயம் அதே 'டிக்' கேட்கிறது.

சர்வீஸ் சென்டரில், சஸ்பென்ஷனில் சிறு இணைப்புத் தண்டுகளாக இருக்கும் லிங்க் ராடுகளை இரண்டு பக்கமும் மாற்றினார்கள். பத்து நாள் அமைதியாக இருந்தது. பிறகு லொடலொடப்பு மட்டும் பழையபடியே திரும்பிவிட்டது. 'டிக்' சத்தம் அந்தப் பத்து நாளிலும் நிற்கவில்லை. இப்போது இரண்டு ஸ்ட்ரட்டுகளையும் (ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்கள்), அவற்றை மேலே வண்டியின் உடலோடு இணைக்கும் மவுண்டுகளையும் சேர்த்து மாற்றவேண்டும் என்று கூறி ரூ.34,000-க்கு மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள். தேய்மானப் பொருள்களுக்கு வாரண்டி கிடையாது என்றும் சொல்கிறார்கள். செலவுக்கு நான் தயங்கவில்லை. ஆனால் காரணம் தெரியாமல் ஒவ்வொரு உறுப்பாக மாற்றிக்கொண்டே போவதுதான் மனத்துக்கு ஒப்பவில்லை. என் தாயாருக்கு 76 வயது; அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்கிறார். ஓட்டுவதில் ஆபத்து உண்டா என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற வாகனப் பொறியாளர், சேலம்

தம்பி, உங்கள் விவரிப்பிலேயே பாதி விடை இருக்கிறது. இரண்டு சத்தங்களையும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகளாக எண்ணவேண்டாம். ஒன்று சாலையின் மேடுபள்ளத்தால் வருகிறது. மற்றது மோட்டாரின் விசை திசை மாறுவதால் வருகிறது. காரணங்கள் வேறாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு என்பதால், சோதனையும் தனித்தனியாகத்தான் செய்யவேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மின்சாரக் காரில் சஸ்பென்ஷன் கெட்டுப்போவது அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். என்ஜின் சத்தம் இல்லாததால், பெட்ரோல் காரில் காதுக்கு எட்டாமலேயே போயிருக்கக்கூடிய சிறு தட்டலும் இங்கே தெளிவாகக் கேட்டுவிடுகிறது என்பதே பெரும்பாலும் உண்மை. இருந்தாலும், பேட்டரியின் எடையை மறந்துவிடக்கூடாது. ஒரே மாடலின் மின்சார வடிவம் பெட்ரோல் வடிவத்தைவிட நூறு முதல் முந்நூறு கிலோ வரை கனமாக இருப்பது சாதாரணம். அதனால் கூடும் விசைகளைப் புஷ்கள் எனப்படும் ரப்பர் உருளைகளும் பால் ஜாயிண்டுகள் எனப்படும் பந்து மூட்டுகளும் தாங்கவேண்டியிருக்கிறது. அதோடு ரீஜென் பிரேக் இருக்கிறது. காலை எடுத்த கணத்திலேயே மோட்டார் ஜெனரேட்டராக மாறிச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுப்பதால், மோட்டாரின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டில் விசையின் திசை ஒரு பயணத்தில் நூற்றுக்கணக்கான முறை மாறுகிறது.

இனி நீங்கள் செய்யவேண்டியவை. கொள்ளிடப் பாலத்தின் இணைப்பு இடைவெளிகளை இரண்டு முன் சக்கரங்களும் ஒரே நேரத்தில் கடக்கின்றன அல்லவா? அங்கே சத்தம் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். பிறகு ஒரு சக்கரம் மட்டும் இறங்கும்படியான பள்ளத்தில் அதே வேகத்தில் செல்லுங்கள். இரண்டு சக்கரங்களும் சேர்ந்து ஏறி இறங்கும்போது இரண்டு பக்கத்தையும் லிங்க் ராடுகள் வழியாக இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பி முறுக்கிக்கொள்ளாமல் தன் புஷ்களுக்குள் சும்மா சுழலும். ஒரு சக்கரம் மட்டும் ஏறினால்தான் அது முறுக்கப்பட்டு, லிங்க் ராடுகளில் முழு விசை விழும். ஸ்ட்ரட்டோ அதன் மேல் மவுண்டோ பழுதாகியிருந்தால் சத்தத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. இரண்டு நிலையிலும் வரும். இதைச் சோதிக்க வேகத்தடையை நம்பவேண்டாம். இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரமாக, மெல்ல ஏறி மெல்ல இறங்கவேண்டும். நம் ஊர்த் தெருக்களில் இருப்பவை பெரும்பாலும் ஒரு முழ அகலத்தில் சுவர் எழுப்பியதைப் போல இருப்பதால், நல்ல கார்கூட அவற்றில் சத்தம் போடும்.

அடுத்து, வண்டியை நிறுத்தி வைத்து ஒருவரை ஸ்டீயரிங்கை மெதுவாக இரு பக்கமும் திருப்பச் சொல்லிவிட்டு, நீங்கள் வெளியில் நின்று சக்கர வளைவின் அருகே காதைக் கொடுங்கள். ஸ்பிரிங் சிக்கிக்கொண்டு 'டொய்ங்' என்று விடுபடும் ஓசை கேட்டால் மேல் மவுண்டின் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். கடைசியாக, ரீஜென் அளவை மிகக் குறைவாகவோ பூஜ்யமாகவோ வைத்து ஓட்டிப் பார்த்து, காலை எடுக்கும்போது அந்த 'டிக்' வருகிறதா என்று எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயா, நேற்றும் இன்றும் சோதித்துவிட்டேன். பாலத்தின் இணைப்புகளில் 'தொம்' என்ற மொத்தையான ஒலி மட்டுமே வருகிறது, லொடலொடப்பு இல்லை. இடது சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் உடனே வருகிறது. வலது சக்கரம் மட்டும் இறங்கினாலும் வருகிறது, ஆனால் சத்தம் இடது பக்கத்தில்தான் கேட்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது எந்த ஓசையும் இல்லை. ரீஜெனைப் பூஜ்யத்தில் வைத்தபோது, காலை எடுக்கையில் 'டிக்' வரவே இல்லை. மீண்டும் உயர்த்தியதும் வந்தது. ரிவர்ஸிலிருந்து முன்னோக்கி மாற்றினால் முதல் முறை மட்டும் ஒருமுறை கேட்கிறது. அதன்பின் நின்று நின்று நகர்ந்தாலும் கேட்பதில்லை.

மறுமொழி: மதுரை வாசகர்

என் உறவினர் ஒருவரின் காரிலும் இதே சத்தம் வந்தது. பட்டறையில் புஷ்கள் மேல் பழைய என்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து அடித்தார்கள், உடனே நின்றுவிட்டது. செலவு மிகக் குறைவு என்பதால் முதலில் அதைச் செய்து பார்க்கலாம்.

மறுமொழி: பட்டறை நடத்துபவர், கோயம்புத்தூர்

மதுரை நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். லாரியின் பட்டை ஸ்பிரிங்குக்கு ஆயில் அடிக்கும் பழக்கம் காருக்கும் வந்துவிட்டது. இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயை உறிஞ்சி உப்பும், மிருதுவாகும், பிறகு உலோகக் கூட்டிலிருந்து பிய்ந்துகொள்ளும். சத்தம் எந்த ரப்பரிலிருந்து வருகிறது என்று அறியவேண்டுமானால் சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு புஷ்ஷாகத் தெளித்துப் பார்த்தால் போதும். நனைந்த சில நிமிடங்களுக்குச் சத்தம் அடங்கினால் அந்த இடம்தான்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன், சார். பொறியாளர் ஐயா சொன்ன சோதனை உங்களுக்கு விடை தந்துவிட்டது. வலது சக்கரம் பள்ளத்தில் விழும்போது இடது பக்கம் சத்தம் போடுகிறதென்றால், அந்த இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் வழியாகத்தான் அந்த விசை வருகிறது. ஸ்ட்ரட்டில் எண்ணெய்க் கசிவு இல்லையென்றால், இந்த நிலையில் அதை நான் கழற்றவே மாட்டேன்.

புது லிங்க் ராடு போட்டும் பத்து நாளில் சத்தம் ஏன் திரும்பியது என்பதுதான் கேள்வி. என் பட்டறைக்கு வரும் இத்தகைய வண்டிகளில் நான் அடிக்கடி காண்பது இதுதான்: லிங்க் ராடின் முனையில் ஒரு பால் ஜாயிண்ட் இருக்கிறது. நட்டை முறுக்கும்போது உள்ளே இருக்கும் அந்தப் பந்தும் அதன் தண்டும் நட்டோடு சேர்ந்தே சுற்றும். தண்டின் நுனியில் ஆலன் கீ (ஆறு முகச் சாவி) நுழையும் ஓட்டை எதற்காக இருக்கிறதென்றால், அதைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் நட்டை இறுக்குவதற்காகத்தான். அவசரத்தில், காற்றழுத்தத்தில் நட்டை முறுக்கும் துப்பாக்கியால் அடித்துவிட்டால் தண்டு சுற்றிக்கொண்டே போகும். துப்பாக்கி 'டரட்' என்று சத்தம் போடும். இறுகிவிட்டது என்று கை நம்பிவிடும். உண்மையில் நட் தன் இருக்கையில் முழுமையாக உட்கார்ந்திருக்காது. பத்து நாள் குலுக்கலில் அது ஆடத் தொடங்கிவிடும்.

உறுதி செய்ய எளிய வழி இருக்கிறது. இரண்டு பக்க லிங்க் ராடுகளையும் கழற்றி, பிரேக் ஹோஸில் உரசாதபடி ஓரமாகக் கட்டிவிட்டு, பட்டறைத் தெருவில் மட்டும் 20 கிலோமீட்டருக்குள் ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் முடிவு குழப்பும். பார் இல்லாமல் வளைவில் வண்டி அதிகமாகச் சாயும் என்பதால் நெடுஞ்சாலைக்குக் கொண்டு போகக்கூடாது. சத்தம் நின்றால் குற்றவாளி லிங்க் ராடு அல்லது பாரைப் பிடித்திருக்கும் D எழுத்து வடிவப் புஷ்.

'டிக்' சத்தத்தைப் பற்றிப் பயப்படவேண்டாம். டிரைவ் ஷாஃப்டின் வெளி மூட்டின் தோள், சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதியான ஹப்பின் முகத்தோடு அழுந்தி நிற்கும் இடம் காய்ந்துபோனால், விசை திசை மாறும்போது அந்த இரண்டு உலோக முகங்களும் ஒட்டியிருந்து சட்டென்று நழுவும். திசை மாறிய முதல் முறை மட்டும் கேட்பதும், ரீஜென் இல்லாதபோது மறைவதும் இதோடு ஒத்துப்போகின்றன. ஆக்சில் நட்டைக் கழற்றி, முகங்களைத் துடைத்து, மாலிப்டினம் கலந்த கிரீஸ் தடவி, புது நட் போட்டு, கம்பெனி சொல்லும் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கவேண்டும். பல கார்களில் அந்த நட் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தவேண்டியது. பழையதையே போட அனுமதிக்காதீர்கள். திருப்பும்போது தொடர்ந்து 'கட கட கட' என்று வந்தால் அது வேறு. அப்போது மூட்டே தேய்ந்திருக்கும்.

ஆபத்தைக் கேட்டிருந்தீர்கள். லிங்க் ராடு ஆடினால் உடனே பெரிய ஆபத்து இல்லை. ஆனால் சக்கரத்தைக் கீழ்ப்பக்கத்தில் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட் ஆடினால் சக்கரமே சாய்ந்துவிடலாம் என்பதால், வண்டி மேலே ஏறியதும் முதலில் அதைக் கடப்பாறையால் நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஜாக்கியையோ லிஃப்டின் கைகளையோ பேட்டரிப் பெட்டியின் அடியில் கொடுக்கக்கூடாது. கையேட்டில் குறித்திருக்கும் இடங்களில் மட்டுமே கொடுக்கவேண்டும். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற கேபிள்கள் எதையும் தொடவேண்டிய தேவை இந்த வேலையில் இல்லை.

கேள்வி கேட்டவர்

கோயம்புத்தூர் அண்ணன் எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டு, மின்சாரக் கார் வேலை தெரிந்த ஒரு பட்டறைக்குச் சனிக்கிழமை போனேன். பால் ஜாயிண்டுகளில் ஆட்டம் இல்லை. ஸ்ட்ரட்டுகள் இரண்டும் காய்ந்து சுத்தமாக இருந்தன. லிங்க் ராடுகளைக் கழற்றி ஓட்டியதும் லொடலொடப்பு சுத்தமாக நின்றது. மீண்டும் மாட்டும்போது மெக்கானிக் என்னை அருகில் அழைத்து, இடது மேல் முனையில் வெள்ளையாகப் பளபளத்த ஒரு வளையத்தைக் காட்டினார். நட் உட்காரவேண்டிய இடத்தில் உலோகம் ஆடி ஆடித் தேய்ந்த தடம் அது. கழற்றும்போது அந்த நட் கையால் சுற்றும் அளவுக்கு லேசாகவே வந்தது என்றார். ஆலன் கீயால் தண்டைப் பிடித்துக்கொண்டு புது நட்டை இறுக்கினார். டிரைவ் ஷாஃப்ட் வேலையையும் முடித்தோம், 'டிக்' நின்றுவிட்டது.

ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் புதிதாக ஒன்றைக் கேட்டேன். மெதுவாக பிரேக் பிடித்து நிற்கப்போகும் கடைசி நொடியில், பழைய மரக்கதவு திறப்பதைப் போல 'கிர்ர்' என்று கீழிருந்து வருகிறது. பெரிய சத்தம் மறைந்ததால் இது இப்போது வெளியே தெரிகிறதோ என்று நினைக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு பள்ளத்தில் இறங்கியதில் இடது லோயர் ஆர்ம் வளைந்து, அதை மாற்றினோம் என்பதையும் சொல்லவேண்டும்.

மறுமொழி: பட்டறை நடத்துபவர், கோயம்புத்தூர்

அந்தக் கடைசி வரியை முதலிலேயே எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், சார். லோயர் ஆர்மை மாற்றும்போது வண்டி லிஃப்டில் இருக்கும், சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையிலேயே புஷ்களின் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், உள்ளிருக்கும் உலோகக் குழாய் அந்தக் கோணத்தில் பூட்டிக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் ஆர்ம் மேலே எழும்பும். ரப்பர் அன்று முதல் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். பிரேக் பிடிக்கையில் ஆர்ம் முன்பின்னாக நகரப் பார்க்கும்போது அந்த ரப்பர் முனகுகிறது. அப்படியே விட்டால் சீக்கிரம் கிழிந்துவிடும்.

வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்படி வீல் அலைன்மெண்ட் மேடையிலோ குழியின் மேலோ நிறுத்தி, அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி விட்டு, பிறகு குறித்த டார்க்கில் இறுக்கச் சொல்லுங்கள். புஷ்ஷில் விரிசல் இருக்கிறதா என்பதை அதற்கு முன் விளக்கடித்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

விரிசல் இல்லை. போல்ட்டைத் தளர்த்திய கணத்தில் 'டப்' என்று ஒரு ஒலி எழுந்தது, ஆர்மின் புஷ் தன் இடத்தில் திரும்பி உட்காருவதைக் கண்ணாலேயே பார்த்தேன். இறுக்கிய பிறகு கிர்ர் சத்தமும் இல்லை. இரண்டு நாள் வேலைக்கும் நட்டுகளுக்கும் அலைன்மெண்ட்டுக்கும் சேர்த்து ரூ.3,600 ஆயிற்று. நேற்று தாயாரை அழைத்துக்கொண்டு கல்லணை வரை சென்று வந்தேன். போகும்போதும் வரும்போதும் அவருடைய கை மடியிலேயே இருந்தது. உங்கள் இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

மறுமொழி: ஓய்வுபெற்ற வாகனப் பொறியாளர், சேலம்

மிக்க மகிழ்ச்சி, தம்பி. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் லிங்க் ராடு நட்டுகளின் இறுக்கத்தை மட்டும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபார்த்துவிடுங்கள். இறுக்கிய நட்டின் மேலிருந்து தண்டு வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு வைத்தால், அது நகர்ந்திருக்கிறதா என்பது அடுத்த முறை குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.