புதுப்பிப்பு: வட்டிக்கடையா, தாவரவியல் ஆராய்ச்சியா?

“எம்.எஸ்சி. தாவரவியல் முடித்தபின் வீட்டு வட்டிக்கடையைப் பார்க்காமல் ஆராய்ச்சிக்குப் போகலாமா?” என்ற காரைக்குடிப் பக்கத்துக் கேள்விக்கு, நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதுங்கள் என்று முன்பு சொல்லியிருந்தேன். அதில் ஒரு திருத்தம்.

நெட் தேறினாலே உதவித்தொகை வந்துவிடாது. ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) பிரிவில் தேற வேண்டும். ‘பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்’ என்று வந்தால் பணம் கிடையாது. ஜேஆர்எஃப் என்றால் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. அப்பச்சியிடம் (அப்பாவிடம்) பேச உட்காரும்போது இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். ஐந்தொகை (வரவு செலவு, சொத்து, கடன் கணக்கு) பார்த்தே வளர்ந்த வீடுகளில் ‘ஆர்வம்’ என்ற சொல் எடுபடாது, எண் எடுபடும்.

நெட் தேர்வின் உயிர் அறிவியல் தாள் மொத்தம் 200 மதிப்பெண். அதில் பாதி ‘சி’ பகுதி: 75 கேள்விகளில் 25 எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4. தவறானால் 1 போகும். தாவரவியல் மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். வகைப்பாட்டை மட்டும் படித்துவிட்டு மூலக்கூறு உயிரியலையும் செல் உயிரியலையும் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு கேள்வி. உலர்தாவர மாதிரி (செய்தித்தாளுக்கு நடுவே அழுத்திக் காயவைக்கும் செடி) கறுப்பதாகக் கேட்டவருக்கு: முதல் சில நாள் தினமும் செய்தித்தாளை மாற்றுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சைதான். ஐப்பசி மழையில் இன்னும் மோசம்.