34 கிழமையில் சலக் கல்ச்சரில் குறூப் பி ஸ்ட்ரெப்: இப்ப குளிசை வேணுமா?

ஒட்டுசுட்டான் மிட்வைப்:
34 கிழமைத் தாய். காய்ச்சலோ சலக்கடுப்போ இல்லை. சலத்தில கிருமி வளர்த்துப் பார்க்கிற கல்ச்சரில "குறூப் பி ஸ்ட்ரெப்டோகொக்கஸ், மில்லிலீற்றருக்கு 10,000" எண்டு ஒரு கிருமி வந்திருக்கு. ஒருத்தர் அமொக்சிசிலின் குளிசை எண்டுறார், மற்றவர் ஒண்டும் வேண்டாம் எண்டுறார். வீடு பெரியாஸ்பத்திரிக்கு 35 கிலோமீற்றர். தாயின்ர கர்ப்பக் கொப்பியில என்னத்தை எழுதிறது?

பாலைமரம்:
ரெண்டு பேரும் வேற வேற கேள்விக்கு மறுமொழி சொல்லியிருக்கினம். எண்ணிக்கை 1,00,000ஐத் தொட்டாலோ, கடுப்பு காய்ச்சல் இருந்தாலோ இப்பவே குளிசை. விட்டா சிறுநீரகத்துக்கு ஏறும், குறைமாதத்திலயே நோ தொடங்கவும் கூடும். 10,000, அறிகுறியும் இல்லை எண்டா இப்ப வேண்டாம். ஆனா எண்ணிக்கை எவ்வளவா இருந்தாலும், பிறக்கேக்க பிள்ளைக்குத் தொத்தாமல் இருக்க, பிள்ளைநோ தொடங்கினதும் நாளத்தில பென்சிலின் ஏத்தியே ஆகவேணும். முதல் 50 லட்சம் யூனிட், பிறகு பிறக்கும் வரை 4 மணித்தியாலத்துக்கு ஒருக்கா 25 - 30 லட்சம்.

இப்ப குளிசையால அழிச்சாலும் குடலில மிஞ்சினது பிரசவத்துக்கிடையில திரும்பி வந்திடும். அதால குளிசை போட்டாச்சு எண்டு நோவில ஊசியைத் தவற விடுறதுதான் பெரிய பிழை. 36 கிழமையில இந்தக் கிருமியைத் தேடிப் பஞ்சுக்குச்சியால எடுக்கிற சுவாப்பும் தேவையில்லை, இந்த ரிப்போட்டே காணும்.

ஆய்வுகூடம்:
சலம் எப்பிடி வந்து சேர்ந்தது எண்டும் பாருங்கோ. நடுச்சலம் பிடிச்சு 2 மணித்தியாலத்துக்குள்ள லாப்புக்கு வரவேணும், இல்லாட்டி குளிர்பெட்டியில 4 பாகையில வைக்கவேணும். சித்திரை வெயிலில பஸ்ஸில மடியில வைச்சுக் கொண்டுவந்த போத்தலில கிருமி பெருகி எண்ணிக்கை பொய்யாகும். ஆனா ஜீபிஎஸ்ஸில, அதுதான் இந்தக் குறூப் பி ஸ்ட்ரெப்பில, ஒரு விசயம்: கலப்படம் எண்டாலும் அது பிறப்புப் பாதையில இருந்துதான் வந்திருக்கும். ஊசி முடிவு மாறாது.

குளக்கட்டு:
35 கிலோமீற்றர்தான் இதில முக்கியம். முதல் ஊசிக்கும் பிறப்புக்கும் இடையில 4 மணித்தியாலமாவது கிடைச்சாத்தான் முழுப் பாதுகாப்பு. ரெண்டாம் பிள்ளை எண்டா அந்த நேரம் லேசில கிடைக்காது. அதால நோ கூடட்டும் எண்டு பார்த்திருக்க வேண்டாம். முதல் ஒழுங்கான நோவோடயே, தண்ணிக்குடம் உடைஞ்சா நோ இல்லாட்டியும், 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிக்கச் சொல்லுங்கோ.

மருந்தில்லாட்டி இப்பிடித் தாய்மாரின்ர பிள்ளையளில நூறுக்கு ஒண்டு ரெண்டுக்கு முதல் கிழமைக்குள்ள கிருமி இரத்தத்தில ஏறும், கனக்க முதல் நாளிலேயே. முனகி மூச்சு விடுறது, பால் குடியாதது, உடம்பு சுடுறது அல்லது குளிர்றது. இதில ஒண்டைக் கண்டாலும் உடன காட்டவேணும்.

ஒட்டுசுட்டான் மிட்வைப்:
பென்சிலின் ஒவ்வாமை எண்டா? பார்லித் தண்ணியும் கேக்கினம்.

பாலைமரம்:
தோல் தடிப்பு மட்டும் எண்டா பென்சிலினுக்குப் பதிலா செபசோலின் ஊசி. மூச்சுமுட்டல், முகவீக்கம் வந்தவ எண்டா இந்தக் கிருமிக்குக் கிளின்டாமைசின் மருந்து கேக்குமோ எண்டு லாப்பை இப்பவே பார்க்கச் சொல்லுங்கோ, நோவுக்குள்ள அதுக்கு நேரமில்லை. பார்லி தாகத்துக்கு நல்லது, இந்தக் கிருமிக்கில்லை. கொப்பியின்ர முன்மட்டையில சிவப்பில எழுதுங்கோ: "சலத்தில் ஜீபிஎஸ். நோவில் பென்சிலின். ஒவ்வாமை: உண்டு / இல்லை."