பாகங்களாக வாங்கி வீட்டில் பொருத்தும் கிட் லாங்ரைஃபிளை (18ஆம் நூற்றாண்டு அமெரிக்க நீளக்குழல் துப்பாக்கி) பழைய காலத்துத் துப்பாக்கி போலச் செதுக்கியவர்கள், உங்கள் அனுபவம்?

கொல்லன்பட்டறை:
மூன்று வருடமாகியும் மனதை விட்டுப் போகவில்லை. பென்சில்வேனியாவில் ஒரு கூட்டம். லான்காஸ்டர் பாணிக் கிட்டை முடித்த கையோடு கொண்டு போயிருந்தேன். பித்தளை பளபளவென்று மின்னியது, கட்டைக்கு நாலு கை வார்னிஷ். காலமெல்லாம் துப்பாக்கி செய்த பெரியவர் ஒருவர் கையில் வாங்கினார். பின்கட்டையில் பதித்த பித்தளை மூடிப் பெட்டியான பேட்ச்பாக்ஸைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு முன்கட்டையை அடிப்பக்கமாக மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். சுடும் பொறியான லாக்கைச் சுற்றியுள்ள மேட்டில் கட்டைவிரல் நின்றது. "இதில் இன்னும் விறகு பாக்கி இருக்கிறது" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து வார்னிஷைச் சுரண்டிவிட்டு அரமும் ஸ்கிரேப்பருமாக உட்கார்ந்தேன். குழலுக்கு இருபுறமும் மரம் 3 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிய பிறகுதான், தூக்கிப் பிடித்தால் லாங்ரைஃபிள் என்று தோன்றியது.

வரிமேப்பிள்:
தடிமன் சரி. ஆனால் கிட் என்று முதலில் காட்டிக்கொடுப்பது உப்புத்தாள்தான். கூராக நிற்க வேண்டிய விளிம்பையெல்லாம் அது மழுக்கிவிடும்.

என் கதை சாயம். இரும்பு கரைத்த நைட்ரிக் அமிலத்தைப் பூசினேன். நாலு மாத வேலை, கட்டை முழுக்க அழுக்குப் பச்சையாக நிற்கிறது. வயிற்றைக் கலக்கிவிட்டது. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை எடுத்துக் காட்டினேன். சூடு நகர நகரப் பச்சை மறைந்து செம்பழுப்பு ஏறியது, மேப்பிளின் வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அந்த ஒரு நிமிடத்துக்காகவே இன்னொரு கிட் வாங்கினேன். அப்புறம் ஆளிவிதை எண்ணெய் போட்டு, சாவிக்கொத்தால் அங்கங்கே தட்டிப் பழசாக்கினேன்.

டிக்கர்ட்_ரசிகன்:
சாவிக்கொத்தால் தட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை, வரிமேப்பிள். 1770களில் லான்காஸ்டரில் துப்பாக்கி செய்த ஜேக்கப் டிக்கர்ட் பட்டறையில் வாங்கியவன் கைக்குப் புதுத் துப்பாக்கிதானே போயிருக்கும்? அந்தக் காலத்தைக் காட்ட வேண்டுமானால் அன்றைய வேலையைக் காட்டுங்கள், 250 வருட அடியை அல்ல.

ஒரு அசல் துப்பாக்கியின் பேட்ச்பாக்ஸ் மூடியைத் திறந்து காட்டினார்கள். வெளியே அவ்வளவு நுணுக்கம், உள்ளே உளித் தடம் அப்படியே கிடந்தது. அதைச் செய்தவர் உளியை எந்தப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார் என்பதுகூடத் தெரிந்தது. கிட்டில் அந்த இடத்தை மிஷின் வழவழவென்று குடைந்து வைத்திருக்கும். நான் அன்றிரவே உளி எடுத்தேன்.

மழைக்காடு:
மூடிய கராஜில் அந்த அமிலச் சாயத்தைக் காய்ச்சி இரண்டு நாள் இருமினேன். அவ்வளவுதான் என் கதை. தயவுசெய்து கேளுங்கள்: இரும்பு கரையும்போது எழும் பழுப்புப் புகை நஞ்சு. வெட்டவெளியில் செய்யுங்கள், கையுறையும் கண்ணாடியும் வேண்டும், தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. நிறம் வந்ததும் சமையல் சோடாக் கரைசலால் துடையுங்கள். மிச்ச அமிலம் உள்ளே இருந்தால் நாளாக ஆக நிறம் மாறும். இன்னொன்று, குழலைக் கட்டையோடு பிடிக்கும் பின்களுக்கு, குழலின் அடியில் உள்ள லக் என்ற சிறு உலோகக் காதில் போடும் துளையை நீளவாக்கில் சற்று அராவி விடுங்கள். மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். இடம் இல்லாவிட்டால் அவ்வளவு மெல்லிய முன்கட்டை வெடித்துவிடும்.

வரிமேப்பிள்:
சோடா போடவில்லை. கன்னம் வைக்கிற பக்கம் போன வருடத்திலிருந்து கறுத்துக்கொண்டு வருகிறது. எண்ணெய் ஊறிய கட்டையில் இனி என்ன செய்யலாம், மழைக்காடு?