1860 ஆர்மி: ஹேமர் பாதியில் நிற்பவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

டெக்சாஸிலிருந்து:

என்னிடம் இருப்பது கோல்ட் 1860 ஆர்மி என்ற பழைய கருமருந்து ரிவால்வரின் இத்தாலிய நகல், .44 காலிபர். முதல் சில குண்டுகள் ஒழுங்காகப் போகும், அப்புறம் ஹேமர் (அடிக்கும் சுத்தியல்) பாதியிலேயே நின்றுவிடும். ரேஞ்சில் யாரைக் கேட்டாலும் "உள்ளே ஸ்பிரிங் போயிருக்கும்" என்றார்கள். மிச்சமிருந்த கேப்புகளை எடுத்துவிட்டு, பேரலையும் சிலிண்டரையும் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்பிரிங்குக்கு ஒரு கேடும் இல்லை. ஹேமருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே வெடித்த கேப்பின் செம்புச் சில்லு ஒன்று நசுங்கிக் கிடந்தது.

தீபாவளித் துப்பாக்கிக் கேப்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது சிலிண்டரின் பின்னால் இருக்கும் குழாய் முனையான நிப்பிளின் மேல் கவிழ்க்கும் குட்டிச் செம்புத் தொப்பி, ஹேமர் அடித்தால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும். வெடித்ததும் விரிந்து கிழிந்துவிடும். கோல்ட் ஹேமரின் முகத்தில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. சிலிண்டரின் பின்புறம் இருக்கும் பாதுகாப்பு முளை அதில்தான் உட்காரும். கிழிந்த கேப் அந்தப் பள்ளத்தில் சிக்கி, ஹேமரோடு பின்னால் வந்து, நேராக உள்ளே விழுகிறது.

நிப்பிளை மாற்றியதில் பாதித் தொல்லை தீர்ந்தது. பழையதில் 10 நம்பர் கேப் முழுசாக இறங்காது, 11 நம்பர் லொடலொடக்கும். இப்போது 10 சிக்கென்று உட்காருகிறது. மீதிப் பாதிக்கு என்ன செய்தீர்கள்?

ஓஹாயோவிலிருந்து:

அண்ணே, ஃபிரேமில் ஒரு சின்ன பின் (ஆணி) அடித்துவிடுங்கள். ஹேமர் பின்னால் போகும்போது அந்த ஆணி ஹேமரின் பள்ளத்துக்குள் நின்று கேப்பைத் தடுத்துவிடும். என்னுடைய கோல்ட் 1851 நேவி ரிவால்வரில் அதற்கப்புறம் தொந்தரவே இல்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஆர்பரை, அதாவது சிலிண்டர் சுற்றும் அச்சுத் தண்டைப் பாருங்கள். இந்த நகல்கள் பலவற்றில் அது குட்டை. பேரலில் உள்ள துளையின் அடிவரை போய் முட்டாததால், பேரலை ஆர்பரோடு பூட்டும் ஆப்பான வெட்ஜை அடிக்க அடிக்க பேரல் பின்னால் வந்து சிலிண்டரை இறுக்கும். தளர்த்தினால் இடைவெளி கூடிவிடும். சோதிப்பது சுலபம். சிலிண்டர் இல்லாமல் பேரலை ஆர்பரில் பக்கவாட்டில் திருப்பி, முடிந்தவரை உள்ளே தள்ளுங்கள். பேரலின் அடிப்பாகம் ஃபிரேமின் முகத்தைத் தாண்டி ஏறினால் ஆர்பர் குட்டை. துளைக்குள் சரியான கனத்தில் ஒரு இரும்பு வாஷர் போட்டால் போதும். அரத்தை எடுக்க வேண்டாம்.

இண்டியானாவிலிருந்து:

எனது ரெமிங்டன் 1858 நகல். கேப் பிரச்சினை குறைவு, ஆனால் கரி வந்தால் சிலிண்டர் சுற்றாது. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக்கழிவாகத்தான் மிஞ்சும்; அது சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பீச்சி, சிலிண்டர் சுற்றும் மெல்லிய அச்சுப் பின்னில் படிகிறது. பெட்ரோலிய கிரீஸ் போட்டால் தார் மாதிரி ஆகிவிடும். மாட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் உருக்கிக் கலந்து பின்னில் தடவுகிறேன், மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வைக்கும் ஃபெல்ட் துணி வில்லையையும் அதிலேயே ஊறவைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரும் சோப்பும். அந்தக் கரி ஈரத்தை இழுப்பதால் மறுநாளே துரு தெரியும்.

டெக்சாஸிலிருந்து:

நன்றி தம்பி, ஆர்பர் குட்டைதான், வாஷர் போட்டாச்சு. பின் அடிக்கத் துளை போட வேண்டுமே என்று தயக்கம். சிலர் ஹேமர் பள்ளத்தையே வெல்டு வைத்து நிரப்புகிறார்கள். அப்படிச் செய்தால் முளைமேல் ஹேமரை இறக்கிவைக்க முடியாது, சிலிண்டரின் ஆறு அறைகளில் ஒன்றைக் காலியாக விட்டு ஐந்துதான் போட வேண்டும். ரேஞ்சுக்கு எனக்கு ஐந்தே போதும். யாராவது நிரப்பியிருந்தால், ஹேமர் நிப்பிளில் எப்படி விழுகிறது என்று சொல்லுங்கள்.